கேட்டுக்கு அந்தப் பக்கம் மொட்டையன்

எங்கள் மொட்டையனை வெறும் தெருநாய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வால்தான் பாதி, மூளை முழுசு.

என் வீட்டுக்காரர் வரதன் தண்டையார்பேட்டையில் ரயில்வே கேட்மேன். கேட்டை மூடினால் மாட்டுவண்டி நிற்கும், ஜட்கா நிற்கும். மொட்டையன் மட்டும் அடியில் நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவான். இன்ஸ்பெக்டர் ஜேக்கப் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"மறுபடி நான் வர்றப்போ இது லைனுக்குள்ள ஓடுச்சுன்னா, கார்ப்பரேஷன் நாய்வண்டியில ஏத்திடுவேன்" என்றார்.

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. ரயிலே நிற்கிற கொடிக்கு இந்தப் பயல் நிற்க மாட்டானா என்று, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொடியை அவன் முன்னால் நீட்டி "நில்லு!" என்பேன். உட்கார்ந்து காத்திருந்து, "வா" என்றதும் வந்தால் நெத்திலிக் கருவாடு. முந்திக்கொண்டு ஓடிவந்தால் என் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

"இன்னா கன்னியம்மா, நாய்க்குக் கொடி காட்டிகினு கீற? டிக்கெட்டும் வாங்கிக் குடுப்பியா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"குடுப்பேன்யா, உனுக்கு இன்னா?"

கற்றுக்கொண்டான், என் ராசா.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கேட்டை மூடிவிட்டுப் பச்சைக் கொடியோடு நின்றார். லைனுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த மொட்டையன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். நான் சிவப்புக் கொடிக்குப் பாய்ந்தேன்.

"அத்தத் தொடாதமே! வண்டி நின்னுடும், என் வேலை பூடும்!" என்று அவர் அலறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலை நிறுத்துகிற கொடியைக் காட்டி, ரயில் வரும்போது நாயை எப்படி நிறுத்துவது? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெறுங்கையை அவன் பக்கம் நீட்டினேன். "மொட்டையா, நில்லு!"

கேட்டுக்கு அடியில் தலையை விட்டவன் அப்படியே நின்றான். அதற்குள் வண்டி குறுக்கே வந்துவிட்டது. பெட்டிமேல் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. வடிவுடையம்மா, நீதான் காப்பாத்தணும் என்று கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெட்டியும் போனது. மொட்டையன் நான் நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "கொடிகூட இல்லாம நிக்குதே! நாய் இங்கயே இருக்கட்டும்மா."

என் வீட்டுக்காரர் என் காதோரம் வந்து, "கூப்புடுமே, பாவம் அது" என்றார்.

"இருய்யா. சாரு இன்னும் கொஞ்ச நேரம் நல்லாப் பாக்கட்டும்."