அலமாரிக்குள் எரிந்த பல்பு

1

இந்தக் கதை ஒரு செருப்புப் பெட்டியிலிருந்து வந்தது. புதுச் செருப்போடு ஒரு குட்டிப் பொட்டலம் வருமே, ஈரத்தை இழுப்பதற்கு, 'தின்னாதே' என்று மேலே எழுதியிருக்குமே, அதேதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்: இது வருவதற்கு முன்னால் கடலோரத்தில் இரும்பு வைத்திருந்தவன் என்ன செய்தான்? இராயபுரத்தில் பூட்டு துருப்பிடிக்கும், சாவி துருப்பிடிக்கும், சைக்கிள் மணி துருப்பிடித்து ஊமையாகும். அங்கே ஒருவன் வீட்டில் துப்பாக்கி இருந்தால்? அவ்வளவுதான் மூலம். உண்மைச் சம்பவமா என்று கேட்காதீர்கள். இல்லை.

முதல் வரியைச் சில தடவை எழுதிப் பார்த்தேன்.

'1951ஆம் ஆண்டின் கார்த்திகை மழை வங்கக் கடலின் மேல் வெள்ளிச் சரமாக—'

வேண்டாம். மழை வெள்ளிச் சரமாக விழுவது ஒழுகாத வீட்டுக்காரர்களுக்கு.

'சவரிநாதன் தன் துப்பாக்கியை நேசித்தான். அவளுடைய வழவழப்பான—'

ஐயோ. ரெண்டாவது வரியிலேயே துப்பாக்கி பெண்ணாகிவிட்டது. ஆண்கள் எழுதியதையே படித்துப் பாஸானால் இந்த வியாதி வரும்.

'அந்த வீட்டில் இருந்த ஒரே பல்பு பூட்டிய அலமாரிக்குள் எரிந்தது.'

இது இருக்கட்டும். எழுதும்போதே கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கதை ஓடும்.

(துப்பாக்கி என்று வந்துவிட்டால் கதை முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இது வெடிக்காது. காத்திருந்து ஏமாற வேண்டாம்.)

2

சவரிநாதன் துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் சமையல்காரனாக இருந்தான். (வயதுக்கு 'இருந்தார்' என்று எழுத வேண்டும். பல்பு வெளியே வரட்டும், எழுதுகிறேன்.) ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரி எண்ணூர்க் கழிமுகத்துக்கு வாத்து சுடப் போவார். சவரிநாதன் சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் போவான். சுதந்திரம் வந்தது, அதிகாரி கப்பலேறினார். போகும்போது தன் இரட்டைக் குழல் துப்பாக்கியை, லைசென்சையும் இவன் பேருக்கு மாற்றி, இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டால், கதைக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தது. அவர் பெட்டியில் இடமில்லை.

சவரிநாதன் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் தெரு விடவில்லை. வெறிநாயைச் சுடு, காக்காயைச் சுடு, கல்யாணத்துக்கு மேலே பார்த்து ஒன்று போடு. தொல்லை தாங்காமல், "சர்க்காருக்கே திருப்பிக் குடுத்துட்டேன்" என்று ஒரு பொய் சொன்னான். அன்றிலிருந்து துப்பாக்கி கூடத்துத் தேக்கு அலமாரிக்குள் தலைமறைவாக வாழ்ந்தது. வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாய்க்குள் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, பாய் விற்கப் போகிறவன்போல நடப்பான். துருவைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம்.

துரு வந்தது. பூட்டிய அலமாரிக்குள் ஈரம் எந்த வழியாகப் போகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. அரிசி மூட்டையை உள்ளே வைத்தான். வண்டு வந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்று கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தான். இழுத்தது, இழுத்துத் தானே தண்ணீராகி வழிந்து துப்பாக்கியின் காலடியில் குளம் கட்டியது. எண்ணூர்ச் சூளையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்தான். அது ஈரத்தைக் குடித்துச் சூடேறி, பொரிந்து சிதறி, பண்டிகைக்கு அடிக்கிற மாதிரி துப்பாக்கிக்கு வெள்ளையடித்தது.

வண்ணாரப்பேட்டை ஹபீபுல்லா அவனுடைய தோஸ்து. கப்பல் சாமான் கிடங்கில் வேலை.

"மாமு, கெடங்குல நாங்க இன்னா பண்றோம்? ஒரு பல்பை உள்ள எரிய வுட்டுடுவோம். சூடு கீதுன்னா ஈரம் கிட்ட வராது."

"ராவும் பகலுமா?"

"பின்ன? ஈரம் இன்னா ஷிப்டு பாத்தா வருது?"*

அப்படித்தான் அந்த ஒரே பல்பு அலமாரிக்குள் போனது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு விளக்குக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார்.

* பல்பு ஈரத்தை விரட்டுவதில்லை. காற்றைச் சூடாக்கி அதற்குப் பசியெடுக்க வைக்கிறது. பசித்த காற்று ஈரத்தை இரும்பின் மேல் துப்பாமல் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. ஹபீபுல்லா சரியாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல்.

3

அடைக்கலமேரி அவனுடைய மனைவி. கதை இவளுடையது, துப்பாக்கி முந்திக்கொண்டது. ராச்சோறு என்றால் சிம்னி விளக்கு, பொடி மீன் குழம்பு, முள்.

"ந்தாய்யா, முள்ளு எது மீனு எதுன்னு தெரில. துன்ற வரைக்குமாவது அந்தப் பல்பை வெளிய போடேன்."

"அணைச்சா ஈரம் ஏறிடும்மே."

"என் தொண்டைல முள்ளு ஏறிக்கினு கீதே, அது பரவால்லியா?"

"வெறும் சோத்தை ஒரு உருண்டை முழுங்கு."

முழுங்கினாள். முள் இறங்கியது. கோபம் இறங்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பல்பு சமையல்கட்டில் தன் தலைக்கு மேலே எரிய வேண்டும். இந்தக் கதையில் வேறு லட்சியம் யாருக்கும் கிடையாது.

4

பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் ஒரு சாயங்காலம் வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கூடம் இருட்டு. அலமாரிக் கதவின் இடுக்கில் தங்கக் கோடாக வெளிச்சம். சாவித் துவாரத்தில் ஒரு பொட்டு. மாதா கோயில் பீடத்தில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் அணையாமல் எரிகிற விளக்கைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த முழங்கால்கள் தாமாக மடங்கின. சல்லடையோடு மண்டியிட்டாள்.

"இன்னாடி மேரி, உள்ள யாரு கீறாங்க?"

துப்பாக்கி என்று சொன்னால் புருஷன் சொன்ன பொய் சந்தி சிரிக்கும்.

"மாதா, யக்கா," என்றாள் மேரி.

(இந்த இடத்தில் சிலுவையம்மாளை ஒரு ஏமாளியாக எழுதிவைத்திருந்தேன். சௌகரியமாக இருந்தது. ஆனால் அவள் எழுந்து போகும்போது அலமாரிப் பக்கம் மூக்கை நீட்டி மெதுவாக மோந்தாள். நான் அவளை மோக்கச் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

5

டிசம்பர் மாதா திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம், நவநாள். அலமாரி மாதாவின் சேதி பரவி, தெருப் பெண்கள் சாயங்காலமானால் மேரி வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். மழையில் நனைந்த புடவை, மெழுகுவத்தி, உரத்த ஜெபமாலை, அலமாரி மேல் தாராளமாகத் தீர்த்தம். சவரிநாதன் மூலையில் நின்று ஒவ்வொரு துளியையும் பார்த்தான். அவர்கள் போன பிறகு திறந்தால் குழல் முழுக்க மஞ்சள் பொரி.

"பல்பு எரிஞ்சிகினுதானே கீது? துரு எப்டி வந்துச்சி?"

"மாமு," என்றார் ஹபீபுல்லா, "இத்தினி பொம்பளைங்க மூச்சு வுட்டா கப்பலே துருப்புடிக்கும்."

"வராதீங்கன்னு சொல்லிடட்டா?"

"சொல்லு. மாதாவை ஒளிச்சி வெச்சிகினு தெறக்க மாட்டேங்கிறான்னு தெருவே ஒதைக்கும். பேஜாரு."

ஆனால் மாட்டிக்கொண்டவள் மேரிதான். முன்பு பல்பை எடுக்கப் புருஷன் ஒருவன்தான் தடை. இப்போது தெருவே தடை. மாதாவின் விளக்கை யார் அணைப்பார்கள்? தன் பொய்யைக் கொண்டே பல்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

6

இங்கே நானும் மாட்டிக்கொண்டேன். எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) பல்பு ஃபியூஸ் போகிறது. பெண்கள் அலறுகிறார்கள். சவரிநாதன் தானாகத் திருந்தி— (திருந்தமாட்டான். புதுப் பல்பு வாங்குவான்.)

ஆ) கதவைத் திறக்கிறார்கள். துப்பாக்கி. எல்லோரும் சிரிக்கிறார்கள். (யாரும் சிரிக்கமாட்டார்கள். முதல் பொய் அவனுடையது என்பது மறந்துபோகும். 'பொய் சொன்னவ மேரி' என்று தெரு காலம் பூராவும் பேசும். கிழித்துவிட்டேன்.)

இ) மேரியையே விட்டுவிட்டேன், நீயே பார்த்துக்கொள் என்று.

மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் மேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "யக்கா, ராத்திரி கனவுல மாதா வந்தாங்க."

பெண்கள் ஜெபமாலையோடு கிட்ட நகர்ந்தார்கள்.

"'எனக்கே வெளிச்சம் கீதுடி, எனக்கு எதுக்கு இந்தப் பல்பு? கொண்டுபோயி அடுப்பங்கரைல போடு. முள்ளு குத்திச் சாவப் போற'ன்னு சொன்னாங்க."

சவரிநாதன் வாயைத் திறந்தான். அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டான். பூட்டைத் திறந்து, கதவைக் கை நுழைகிற அளவுக்கு மட்டும் விலக்கி, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, பல்பை அவனே கழற்றினான். கூப்பிட்டனுப்பியதும் வந்த ஹபீபுல்லா ஒயரை அடுப்பங்கரைக்கு இழுத்தார். அன்று மேரி முள்ளையும் மீனையும் தனித்தனியாகப் பார்த்துத் தின்றாள். எனக்கே வயிறு நிறைந்தது.

7

கதை இங்கே முடிந்திருக்கும். சிலுவையம்மாள் விடவில்லை. அடுத்த நாளே அவளுக்கும் கனவு வந்தது. வாசலில் அவள் புருஷன் சீட்டாடுகிற இடத்துப் பல்பு அடுப்பங்கரைக்குப் போனது. தெருக்கோடி வீட்டில் புறாக் கூண்டுக்கு எரிந்த பல்பு உள்ளே வந்தது. தெருவில் மாதா ஒரு வீடு விடாமல் கனவில் ஏறி இறங்கினார். எல்லா வீட்டுக்கும் ஒரே சேதி.

ஆண்கள் சவரிநாதனைப் பிடித்துக்கொண்டார்கள். அலமாரியைத் திற, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்றார்கள். அவருக்கும் திறந்தாக வேண்டியிருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க நாளைதான் கடைசி நாள். (பல்பு வெளியே வந்துவிட்டது; 'அவர்' போட்டுவிட்டேன்.) இன்று ராத்திரிக்குள் எடுத்துத் துடைத்தால்தான் உண்டு. துப்பாக்கி உள்ளே இருட்டில் துருவேறிக்கொண்டிருக்கிறது. சாவியும் பாயுமாகக் கூடத்துக்கு வந்தார். அலமாரியை மறைத்தபடி பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்த நவுருங்கம்மா. பாயி எடுக்கணும்."

"கைலயே கீதே பாயி," என்றாள் சிலுவையம்மாள்.

மேரி அவள் காதில் கிசுகிசுத்தாள்: "யக்கா, உள்ள கீறது மாதா இல்லக்கா..."

"தெரியும்டி. பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி நானு. துப்பாக்கி எண்ணெ வாசனை எனக்குத் தெரியாதா? கம்முனு ஜெபத்தைச் சொல்லு. கதவு தெறந்துச்சி, அத்தினி பல்பும் திரும்பிப் போயிடும்."

ஜெபம் தொடங்கியது. வழக்கத்தைவிடச் சத்தமாக.

சவரிநாதனுக்குத் துப்பாக்கி கிடைத்ததா? முடிவு அந்த அலமாரிக்குள் இருக்கிறது. சாவியை அவரிடமிருந்து வாங்கி இதோ உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். திறந்து பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு, கதை படித்தவர்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெபமாலை சொல்லத் தெரியாது. இருந்தாலும் சிலுவையம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள், உட்கார்ந்துவிட்டேன்.

எங்களைத் தாண்டி வாருங்கள், பார்க்கலாம்.