இங்கே பூட்டிச் செய்த காரின் ஹாரன்

மக்களே, ராஜையன் கீரிப்பாறை எஸ்டேட் மானேஜரின் காரை ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. மற்ற நாளெல்லாம் மலையில். மானேஜரை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகும்போது பூதப்பாண்டியில் தன் வீட்டு முன்னால் ஹாரன் அடிப்பான். நிறுத்த முடியாது. மனைவி ஜெபகுமாரி வாசலுக்கு ஓடிவருவாள். அந்த ஒரு பார்வைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் எஸ்டேட்டில் அந்தச் சீமைக்காரை விற்றுவிட்டு, அதே மாடலில் நம் நாட்டிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்த கார் ஒன்று வாங்கினார்கள். முகம் அதே முகம்தான். நம் ரோட்டுக்காக ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி, மாட்டுவண்டிகள் விலகுவதற்காக ஹாரனைப் பெரிதாக்கியிருந்தார்கள்.

மூன்று நாள் ராஜையன் ஹாரன் அடித்தான். வாசல் காலியாகக் கிடந்தது. அவளுக்குக் கோபமோ, காய்ச்சலோ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கேட்டான். "ஏட்டி, மூணு நாளா கூப்பிட்டேனே, எங்க போய்க் கெடந்த?"

"நீங்க எங்க வந்திய? பஸ்ஸுல்லா ஊதிட்டுப் போச்சு."

"பஸ்ஸு இல்லட்டி, நான்தான். புதுக் காரு."

"பழசு மெள்ளல்லா கூப்பிடும்," என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து எந்தப் பஸ் ஊதினாலும் ஜெபகுமாரி வாசலில் வந்து நின்றாள். பஸ்ஸில் போகிறவர்கள் அவளுக்குக் கைகாட்டிவிட்டுப் போனார்கள்.