நாற்பதுக்கு நாற்பது

மனிதகுலம் நாலு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்ற நாளுக்குப் பிறகு, அதன் முதுகெலும்பின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய நாள் 1983ஆம் ஆண்டு மே ஒன்பது. அன்று முற்பகல், உத்திரமேரூரை அடுத்த மானாம்பதியில், முதுகுவலி அடியோடு ஒழிக்கப்பட்டது.

அதை உறுதிசெய்ய அனுப்பப்பட்டவர் வேதாசலம். கீழ்முதுகுவலி நிவாரணத் திட்டத்தின் புள்ளிவிவர உதவியாளர், வயது நாற்பத்தொன்பது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் அவர் முதுகே விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் அவர் கணக்கெடுக்க வந்தவர். கணக்கில் சேர்த்தி இல்லை.

திட்டம் போன ஐப்பசியில், நடவு மும்முரமான வாரத்தில் ஆரம்பித்தது. நாற்பது நடவுப் பெண்களை வரப்பில் ஏற்றி, வலிக்கிறதா என்று கேட்டார்கள். நாற்பது பேருக்கும் வலித்தது. அப்புறம் ஆறு மாதம் பாடம். சுவரொட்டியில் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முதல் விதி: குனியாதீர்கள். நிமிர்ந்தபடி நாற்று நடுவது எப்படி என்பதை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

இப்போது ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு வேதாசலம் உட்கார்ந்தார். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: வலி குறைந்தது, குறையவில்லை. குறையாதவர்களுக்கு ஜில்லா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டருக்குச் சீட்டு எழுதலாம்.

முதலில் முனியம்மாள்.

"வலி எப்படிம்மா கீது?" ஊர்ப் பேச்சில் கேட்டால் உண்மை வரும் என்பது அவர் அனுபவம்.

"இப்ப இன்னாத்துக்கு சார் வலிக்கும்? நடவு இல்ல, களை இல்ல. வூட்ல குந்திக்கினு கீறேன். கஞ்சிக்குத்தான் பேஜாரு."

கஞ்சிக்குக் கட்டம் இல்லை. 'குறைந்தது' என்று குறித்தார். அடுத்தடுத்து முப்பத்தெட்டுப் பேர் அதையே சொன்னார்கள். கடைசியாகப் பவளம், இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வலி?"

"வலி இல்ல சார்."

"அப்புறம் ஏன் காலை இழுக்கிற?"

"அதான் சொல்ல வந்தேன். தை மாசம் வரைக்கும் இடுப்புலேர்ந்து காலு வரைக்கும் சுண்டி இழுத்துக்கினு இருந்திச்சி. இப்ப மரத்துப்போச்சி. முள்ளு ஏறி ரத்தம் ஊத்துது, எனுக்குத் தெர்ல. பக்கத்து வூட்டுக்காரி சொல்லித்தான் பாத்தேன். பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு குடு சார். இந்தக் கால வச்சிக்கினு சேத்துல எப்டி நிப்பேன்? அடுத்த நடவுக்கு எவன் கூப்புடுவான்?"

மரத்துப்போனதற்கும் கட்டம் இல்லை.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. இப்பவே எழுதித் தரேன்."

"கொள்ளி வச்சாலும் தெரியாதுன்றேன், வலிக்குதுன்னு சொல்லச் சொல்ற! நீ இன்னா சார் படிச்சிக்கீற?"

மரத்தடியே சிரித்தது. வேதாசலமும் சிரிக்கப் பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது. 'குறையவில்லை' என்று குறித்து, ஓரத்தில் எழுதினார்: 'கால் உணர்வில்லை. உடனே சிகிச்சை தேவை. இது நடவில்லாத மாதம். எல்லாரையும் ஐப்பசியில் மறுபடி கேட்கவேண்டும்.' இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் சொந்தமாக எழுதிய முதல் வாக்கியங்கள் அவை. சீட்டையும் எழுதினார். திட்ட அலுவலர் கையெழுத்துதான் பாக்கி.

மறுநாள் திட்ட அலுவலர் டாக்டர் ராஜாராம் படிவத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏன்யா வேதாசலம், வலி இல்லைன்னு அவளே சொல்றா. குறையலைன்னு நீர் எழுதியிருக்கீர். வலி அவளுக்கா, உமக்கா?"

"கால் மரத்திருக்கு சார்."

"இது முதுகுத் திட்டம்யா. காலுக்கு வேற யாராவது திட்டம் போடட்டும். முப்பத்தொண்ணாம் தேதி மெட்ராஸ்ல மாநாடு. நாற்பதுக்கு நாற்பதுன்னு சொன்னா எவ்வளவு கம்பீரமா இருக்கும்! நீர் ஐப்பசி, கார்த்திகைன்னு பஞ்சாங்கம் வாசிக்கிறீர்."

"சீட்டுல மட்டுமாவது ஒரு கையெழுத்து..."

"குணமானவளுக்கு எதுக்குய்யா சீட்டு?"

டாக்டரே சிவப்பு மையால் திருத்தினார். வேதாசலத்துக்குப் பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. "சரி சார்" என்றார்.

மாநாட்டில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. திட்டம் மூன்று ஜில்லாக்களுக்கு விரிந்தது. சுவரொட்டி வண்ணத்தில் வந்தது.

ஐப்பசியில் மழை பெய்தது. நடவுக்குப் போன முப்பத்தொன்பது பேருக்கும் முதுகு வலித்தது. பவளத்தை யாரும் கூப்பிடவில்லை.