மேசைக்கு இன்னொரு தட்டு

‘மேசைக்கு இன்னொரு தட்டு’ என்று ஒரு படம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முன்பு. ஒரு கொள்ளைக்காரன் படத்துக்குத் துணையாக, இரண்டாவதாக ஓட்டினார்கள். முதல் படம் முடிந்ததும் பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் இருந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதில் யார் நடித்தார்கள் என்று கேட்டால் இன்று ஹாலிவுட்டிலேயே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதை எழுதியவர் என் அக்கா வெர்னாவின் கணவர் லீலண்ட். அவர் எழுதியது எங்கள் வீட்டை.

எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, அது அவர்கள் வீடு. ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் கிளெண்டேலில், பின்பக்கம் ஒரு ஆரஞ்சு மரத்தோடு, இரண்டு படுக்கையறையும் ஒரே ஒரு குளியலறையும் உள்ள சின்ன வீடு. கல்யாணமான புதிதில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். அப்புறம் நெப்ராஸ்காவிலிருந்து நான் வந்தேன். தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. எனக்குப் பின்னாலேயே அப்பா வந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்றுதான் வந்தார். தன் சாய்வு நாற்காலியை சரக்கு ரயிலில் அனுப்பியிருந்தார். அது வந்து இறங்கியபோதே வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது.

அப்பா அந்த வீட்டையும் ஒரு ரயில் நிலையமாகத்தான் நடத்தினார். குளியலறைக்கு வெளியே கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "லீலண்ட், உன் நேரம் முடிஞ்சுது. அடுத்தது ஐடெல்லா." ஐடெல்லா நான்தான். கேக் வெந்துகொண்டிருக்கும்போது ஓவனைத் திறந்து பார்ப்பார். அது பொத்தென்று அமுங்கிவிடும். "நான் தொறக்கலேன்னா எப்பிடி அமுங்கிச்சுன்னு தெரிஞ்சிருக்காது" என்பார். பகல் தூக்கத்துக்கு இடைஞ்சல் என்று லீலண்டின் தட்டச்சு இயந்திரத்தை ஒருநாள் அவரே தூக்கிக்கொண்டுபோய் கார் கொட்டகையில் வைத்துவிட்டார்.

லீலண்ட் சண்டை போடவில்லை. சின்ன ஸ்டுடியோ ஒன்றில் மற்றவர்கள் எழுதும் கதைகளுக்கு நகைச்சுவை சேர்த்துக் கொடுப்பது அவர் வேலை. வீட்டிலும் அதையே செய்தார். அப்பா எது சொன்னாலும் ஒரு வேடிக்கை, அதற்கு ஒரு சிரிப்பு, அதோடு எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே டக டக என்று சத்தம் கேட்கும். ஏதோ கௌபாய் படத்துக்கு எழுதுகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அப்பாவை அவர் கடைசிவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். "எம் பொண்ணக் கட்டி இத்தன வருஷமாச்சு, இன்னும் என்னய்யா சாரு மோரு" என்று அப்பா ஒருமுறை கேட்டார். "டிக்கெட் கேப்பீங்களோன்னு பயம்தான் சார்" என்றார் லீலண்ட். அப்பாவே சிரித்துவிட்டார். வெர்னா மட்டும் சிரிக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நின்றது அவள்தான். அவர்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் போய்விட்டு வந்து வெர்னா மாட்டிறைச்சி ரோஸ்ட்டை ஓவனில் வைத்திருந்தாள். அது வேகும்வரை நாங்கள் சூப்போடு உட்கார்ந்திருந்தோம். அப்பா நாப்கினைக் கழுத்தில் செருகிக்கொண்டே சொன்னார்:

"ஓட்டிஸ் தனியாக் கெடந்து கஷ்டப்படுறான். ஒமாஹா குளிரு அவனுக்கு ஒத்துக்கல. அடுத்த மாசம் வரச் சொல்லிட்டேன்."

ஓட்டிஸ் அப்பாவின் தம்பி. அப்பாவை விடச் சத்தமாகப் பேசுகிறவர்.

"எங்கப்பா வரச் சொல்லிட்டீங்க?" என்றாள் வெர்னா.

"எங்கன்னா? இங்கதான். மேசைக்கு இன்னொரு தட்டு போட்டா ஆச்சு."

வெர்னா திரும்பி லீலண்டைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற லீ?"

"நல்லதாப் போச்சு. சீட்டாட ஒரு கை கொறைஞ்சுது" என்றார் அவர்.

"வெளையாடாத. ஒனக்குச் சம்மதமா இல்லியா?"

"ஆரஞ்சு மரத்துல நல்லதா ரெண்டு கெளை இருக்கு வெர்னா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஓட்டிஸுக்கு. நடுவுல தூளி கட்டிக்கிறோம்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வெர்னா எழுந்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எங்கிட்ட வேடிக்க இல்லாம பேசு. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

லீலண்ட் வாயைத் திறந்தார். அதிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பெட்டியில் துணியைத் திணித்தாள், தொப்பியை எடுத்தாள், வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

"இந்நேரத்துக்கு எந்த வண்டி இருக்கு அவளுக்கு?" என்றார் அப்பா.

லீலண்ட் எழுந்து சாவியைத் தேடினார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போனார். அழைத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். மாலை வெயில் சாயும் நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். நேரே கொட்டகைக்குப் போனார். டக டக என்று ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த இயந்திரத்தைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். இருட்டுவதற்குள் வெர்னா டிராமில் வந்து இறங்கினாள். பெட்டியை வைத்தாள். கரிந்துபோன ரோஸ்ட்டைச் சுரண்டினாள். அதைப்பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலே அந்தக் குளிர்காலம் போயிற்று. ஓட்டிஸ் பயணமும் ஏதோ காரணத்தால் வசந்தத்துக்குத் தள்ளிப்போயிற்று.

வசந்தத்தில் லீலண்ட் எங்களைப் பசடேனாவில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனார். ஸ்டுடியோவில் ஒரு படத்தை வெளியிடுமுன் ஊர் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, அட்டையில் கருத்து எழுதி வாங்குவார்கள். முதல்முறையாக அவர் பெயர் மட்டும் தனியாக வருகிற படம். "என்ன கதை?" என்று வெர்னா கேட்டதற்கு, "குடும்பக் கதை" என்றார். வழியெல்லாம் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

படம் ஆரம்பித்தது. திரையில் ஒரு கிழவர் குளியலறைக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றார்.

அப்பாவின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. ஓவனைத் திறந்தார் கிழவர், கேக் அமுங்கியது, அரங்கமே சிரித்தது. எல்லாரையும் விடப் பெரிய சத்தம் எனக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். "ஐடெல்லா, பாத்தியா? அப்பிடியே நம்ம ஓட்டிஸ்" என்று என் காதில் சொன்னார். "இவன் எங்க புடிச்சான் அவன?"

மறுநாள் காலையிலேயே ஓட்டிஸுக்குத் தந்தி அடித்துவிட்டார், வரவேண்டாம் என்று. "அந்த மாதிரி ஆள ஒரு வீட்டுல வெச்சுக்க முடியாதும்மா. படத்துல பாத்தோமே" என்று வெர்னாவிடம் விளக்கினார்.

ஆனால் அன்று அரங்கத்தில் வெர்னா சிரிக்கவில்லை. திரையில் ஒரு மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். பேருந்து நிலையத்தில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவன் இரவு உடையும் செருப்புமாக, கரிந்த ரோஸ்ட் தட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். ஒரு போலீஸ்காரர் தடுக்கி விழுந்தார். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று அவன் வரிசையாக ஏழெட்டு வேடிக்கை சொன்னான். அவள் அழுதபடியே சிரித்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் அப்பா வேர்க்கடலை வாங்கப் போனார். வெர்னா காரில் சாய்ந்து நின்றாள்.

"நான் ஒக்காந்த பெஞ்சு பச்ச பெயின்ட்டுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

படம் கறுப்பு வெள்ளை. ஆனால் அதில் ஒரு கிழவி ‘பெயின்ட் காயல, பச்சையா ஒட்டிக்கும்’ என்று அந்த மனைவியிடம் சொல்வாள்.

லீலண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் வந்தேன்."

"எப்ப?"

"அன்னிக்கே. பஸ் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல காரை நிறுத்திட்டு, கதவு வரைக்கும் வந்தேன். கண்ணாடி வழியா ஒன்னப் பாத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல வெர்னா. வேடிக்க சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்ட. அத எடுத்துட்டா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. வீட்டுக்கு வந்துதான் கதையில அந்த ஆள உள்ள போக வெச்சேன்."

நான் அங்கே நிற்பதை இருவரும் மறந்திருந்தார்கள். வெர்னா கதவைத் திறந்தாள். காரில் ஏறி, வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவுக்கு வந்த அட்டைகளில் பாதிக்குமேல் ஒரே குறை எழுதியிருந்தது: அந்தப் பெண் இவ்வளவு சீக்கிரம் மன்னித்ததை நம்ப முடியவில்லை. தயாரிப்பாளர் அந்தக் காட்சியை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார். லீலண்ட் கொட்டகைக்குப் போகவில்லை. சமையலறைக்கு வந்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வெர்னாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அவ என்ன சொல்லுவா?"

வெர்னா கத்தியை நிறுத்தவில்லை. "ஓவன அணைச்சியான்னு கேப்பா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பெட்டிய எடுத்துட்டு ஒக்கார எடம் விடுவா."

"அவன்?"

"அவன் சும்மா நிக்கட்டும். வாயத் தொறக்காம."

"இது காமெடிப் படம் வெர்னா. ஜனங்க சிரிக்கணும்."

"சிரிப்பாங்க. நீ நிக்க வை."

அந்தக் காட்சியை மறுபடி எடுத்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். கணவனாக நடித்தவர் பைத்தியம் மாதிரி நின்றார். கையில் கரிந்த ரோஸ்ட். வாயைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார். மனைவியாக நடித்தவள் நிமிர்ந்து பார்த்து, "ஓவன அணைச்சியா?" என்றாள். அவர் தட்டைப் பார்த்தார். அணைக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் பெட்டியைக் கீழே இறக்கினாள். அவர் உட்கார்ந்தார். பேருந்து வந்தது, போயிற்று. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லீலண்ட் படப்பிடிப்பைப் பார்க்கவில்லை. என் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. லீலண்ட் அப்புறம் வானொலிக்கு எழுதினார். அப்பா போர் முடிவதற்குள் காலமானார். நான் கல்யாணமாகி பர்பேங்க் பக்கம் போனேன். லீலண்டும் ஒரு இலையுதிர் காலத்தில், தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்விட்டார். வெர்னா மட்டும் அந்த வீட்டில் இருந்தாள்.

சில வருடம் கழித்து ஒரு மதியம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஐடெல்லா, கெளம்பி வா. டிவில போடப் போறான்."

எந்தப் படம் என்று கேட்கவில்லை. போனேன். காப்பி போட்டு வைத்திருந்தாள். தொடக்கத்தில் அவர் பெயர் வந்தபோது நாங்கள் இருவரும் கோப்பையைக் கீழே வைத்தோம். நடுநடுவே விளம்பரத்தில் பழைய கார் விற்கிறவன் ஒருவன் வந்து கத்திவிட்டுப் போனான். திரையில் அப்பா நடந்தார், கத்தினார், ஓவனைத் திறந்தார். "பாவம் அப்பா, இப்பக்கூடத் தெரிஞ்சிருக்காது அவருக்கு" என்று சொல்லி வெர்னா சிரித்தாள்.

மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கார் விற்கிறவன் வந்தான். அவன் போனதும் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்தது. நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்று பேருந்து நிலையத்தையே வெட்டிவிட்டார்கள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. "அந்த சேனலுக்கு ஃபோன் போட்டுக் கேக்கறேன்" என்றேன்.

"விடு. அவ எப்பிடித் திரும்பி வந்தாள்னு யாருக்கும் தெரியாமப் போச்சு. அவ்வளவுதானே" என்றாள் வெர்னா. கை நீட்டி டிவியை அணைத்துவிட்டு, "நான் அவனப் பாத்தேன்" என்றாள்.

"எங்க?"

"பஸ் ஸ்டேஷன்ல. காரை நிறுத்தினப்பவே பாத்துட்டேன். கதவுல கைய வெக்கிறான், திரும்பிப் போறான். பேப்பர் வாங்கினான். அதத் தலைகீழாப் புடிச்சிட்டு நின்னான். நெப்ராஸ்காவுல லிங்கன் போற பஸ்ஸு வந்துது. நான் ஏறல. இவன் உள்ள வருவானா மாட்டானான்னு பாத்துட்டே இருந்தேன். பஸ்ஸு போச்சு, அவனும் போனான். அப்புறந்தான் நான் டிராமப் புடிச்சேன்."

"பசடேனால அவர் சொன்னப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னியே."

"ஆமா."

"அப்புறமும் சொல்லலியா? இத்தன வருஷமும்?"

"அவன்கிட்ட சொல்லியிருந்தா அதையும் எழுதியிருப்பான்" என்றாள் வெர்னா. "எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்."

வெளியே பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சத்தம் கேட்டது. அவள் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே, "மத்தியான சாண்ட்விச் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போறியா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன். அன்று பொழுது சாயும்வரை அவள் லீலண்டைப் பற்றியே பேசினாள்.