மூன்றாம் மாடியில் தங்கிய மௌனம்

2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, ஜாவாவின் செமாராங் துறைமுகத்தை ஒட்டியிருந்த குரல் காப்பகத்தின் மூன்றாம் மாடியில் சத்தம் நின்றுபோனது. அன்று சிவப்பு மிளகாய் கிலோ பதினெட்டாயிரம் ரூபியா. முதலில் சர்வர் அறையின் மின்விசிறிகள் ஓசையில்லாமல் சுற்றின. அவை பழுதாகிவிட்டன என்று நினைத்துப் பராமரிப்பு ஆள் மெயினை அணைத்துவிட்டான். மறுநாள் நடைபாதையில் ஒரு எழுத்தர் தும்மினார். மூக்கிலிருந்து வந்ததே தவிர, யார் காதுக்கும் எதுவும் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மாடி முழுக்க அப்படி ஆகிவிட்டது. காப்பக இயக்குநர் பாக் ஹார்ஜிதோ மூன்று நாள் யோசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்வதற்காகத் தன் சாய்வு நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டார். மாதத்தில் இரண்டு முறை கடல் எழும்பி வந்து தரைத்தளத்தை நனைத்துவிட்டுப் போகும் ஊரில், ஒரு மாடியில் சத்தம் வராதது பெரிய குறையாக யாருக்கும் படவில்லை.

அங்கே தொழில்நுட்பப் பிரிவின் தலைவராக இருந்தவர் ரெத்னோவுலான். எல்லோருக்கும் இபு ரெத்னோ, அதாவது ரெத்னோ அம்மா. 1998இல், இருபத்தாறு வயதில், புரோகிராமராகச் சேர்ந்தவர். மீனவர்கள், ரயில்வேக்காரர்கள், சமையல்காரிகள், சிறையிலிருந்து திரும்பியவர்கள் என்று ஜாவாவின் வடகரை முழுக்க அலைந்து எடுத்த பதினேழாயிரத்துச் சொச்சம் பேட்டிகள் ஒலிநாடாக்களில் கிடந்தன. அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றிக் காப்பது அவர் வேலை. 2002இல் ஹார்டு டிஸ்க்கில் இடம் போதவில்லை. புதிது கேட்டதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ரெத்னோ ஒரு புரோகிராம் எழுதினார். இரண்டு வினாடிக்கு மேல் யாரும் பேசாத இடம் வந்தால் அது வெட்டி எறிந்துவிடும். எறிந்ததை எங்கும் குறித்துவைக்காது. ஒன்றுமில்லாததை யார் குறித்துவைப்பார்கள்? கோப்புகளின் அளவு நூற்றுக்கு இருபத்தெட்டு குறைந்தது. ரெத்னோவுக்குத் தலைமைப் பதவியும் ஒரு கண்ணாடிக் கேடயமும் கிடைத்தன. 2004இல் கடல் வழக்கத்தைவிட ஒரு முழம் அதிகமாக எழும்பி, தரைத்தளத்தில் அடுக்கியிருந்த மூல நாடாக்களை நனைத்தது. பூஞ்சை பிடித்ததும் லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினார்கள். யாரும் வருத்தப்படவில்லை. கோப்புகள் இருந்தன, சோலோவிலும் சுரபாயாவிலும் அவற்றின் படிகள் இருந்தன, ஒவ்வொரு கோப்பும் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்று ஒரு கணினி தினமும் சரிபார்த்தது. குறைபட்ட கோப்புகள் குறைபட்டபடியே பத்திரமாக இருப்பதை அது ஒருநாள் தவறாமல் உறுதி செய்தது.

அந்தக் கோப்புகளில் ஒன்று ரெத்னோவுடையது. 1999இல் அங்கே ஒலிப்பதிவாளனாக இருந்தவன் த்ரியாத்னோ. இருவரும் ஒரே தட்டில் தஹு கிம்பால் தின்றார்கள், மழையில் ஒரே பிளாஸ்டிக் கோட்டுக்குள் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். பாலிக்பாப்பானில் எண்ணெய்க் கம்பெனி வேலை கிடைத்து அவன் கிளம்பவிருந்த வாரம், புதிதாக வந்த ஒலிப்பதிவுக் கருவியைச் சோதிக்க உட்கார்ந்தார்கள். மைக்கில் எதையாவது பேசியாக வேண்டும். மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே ரெத்னோ, "நான் இருன்னு சொன்னா இருப்பியா, யாத்னோ?" என்று கேட்டார். அவன் "இல்ல" என்றான். பதிவு அவ்வளவுதான். அவன் போனான், கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பெண்கள் பிறந்தார்கள், பிறகு வேலையை விட்டு செல்போன் உறை விற்கும் கடை வைத்தான். ரெத்னோ யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. புரோகிராம் எல்லாக் கோப்புகளையும்போல அந்தக் கோப்பையும் வெட்டியது. கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொண்டன. அவன் யோசித்துச் சொன்னானா, வாயில் தயாராக வைத்திருந்ததைத் துப்பினானா என்பது சில வருடங்கள் அவருக்கு ஞாபகம் இருந்தது. கோப்பை நூற்றுக்கணக்கான தடவை கேட்டதில் ஞாபகமும் அதே இடத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. அவருக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்: இடையில் ஏதாவது இருந்ததா. ஒருமுறை போன் செய்து அவனையே கேட்டார். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு ரெத்னோ? ஏன், ஆபீஸ்ல ஆடிட்டா?" என்று சிரித்தான். "ஆமா, ஆடிட்டுதான்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

2007 மழைக்காலத்தில் தெமாக்கிலிருந்து சுமினா என்ற விதவை வந்தாள். உப்பளத்தில் வேலை பார்த்து இறந்துபோன கணவனின் பேட்டியைக் கேட்கவேண்டும் என்றாள். முதல் மாடியில் உட்காரவைத்து ஹெட்போன் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல."

"அவர் குரல்தானே, இபு?" என்றான் பகஸ். ரெத்னோவுக்கு அடுத்த நிலையில் இருந்த இன்ஜினியர் அவன்.

"குரல் அவருதுதான். ஆனா இந்தாளு சந்தையில லேகியம் விக்கிறவன் மாதிரி பேசுறான். எங்காளுக்கு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு கிரெதெக் சிகரெட் எரிஞ்சு முடிஞ்சிரும். நாப்பது வருஷம் குப்பை கொட்டுனவ சொல்றேன்."

கோளாறு கோப்பிலா கருவியிலா என்று பார்க்க, பகஸ் அதை மூன்றாம் மாடியிலிருந்த பெரிய கருவியில் ஓடவிட்டான். அங்கே காதுக்கு எதுவும் கேட்காது, முள்ளைத்தான் பார்க்கவேண்டும். முள் ஆடியது, விழுந்தது, விழுந்த இடத்தில் வெகுநேரம் கிடந்தது, எழுந்து மறுபடி ஆடியது. நாற்பத்தொரு நிமிடக் கோப்பு ஓடி முடிய ஒரு மணி ஒன்பது நிமிடம் பிடித்தது. முடிந்தபோது மின்விசிறிகளில் ஒன்று கொசு பாடுவதுபோல லேசாகக் கேட்டது. பேட்டியின் பழைய பதிவு அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். நாடாவின் நீளம் என்ற இடத்தில், ஒரு மணி ஒன்பது நிமிடம் என்று எழுதியிருந்தது. கோப்பைக் கீழே கொண்டுபோய் சுமினாவுக்குப் போட்டார்கள். உப்பள முதலாளியைப் பற்றிக் கேட்டதற்குக் கணவன் பதில் சொல்லாமல் இருந்த நான்கு நிமிடமும் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இப்ப சரி. கோவமா இருக்காரு," என்றாள்.

ரெத்னோ தன் பிரிவில் இருந்த ஐந்து பேரையும் கூட்டி, மூன்றாம் மாடியில் தங்கியிருப்பது வெட்டப்பட்ட மௌனம் என்றும், வெட்டிய புரோகிராம் தன்னுடையது என்றும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, மொத்தம் எத்தனை மணி நேரம் தேறும் என்று ஒருவர் கேட்டார். பிறகு கணினிக்காரர்கள் எந்த ஊரிலும் செய்வதையே செய்தார்கள்: வேகப்படுத்தப் பார்த்தார்கள். இரட்டை வேகத்தில் ஓட்டினால் மௌனம் ஏறவில்லை. எட்டுக் கருவிகளை ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். ஏறியது, ஆனால் ஆள் மாறி ஏறியது. கடலில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தியின் மௌனம், பாந்தேங் மீனை அதன் முள்ளும் குழைய வேகவைப்பது எப்படி என்ற பேட்டிக்குள் புகுந்துவிட்டது. சமையல்காரி "உப்பு போடணும்" என்று சொல்லிவிட்டு ஆறு நிமிடம் நின்றாள். அதை வானொலியில் கேட்ட பெக்காலோங்கான் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு அழுதார்கள். தாயோ தன் கோப்பில், மகன் செத்ததைச் சொன்ன கையோடு வலை விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எட்டையும் பிரித்துச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. ரெத்னோ ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒரே கருவி, ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, பதிவு எண் வரிசைப்படி, யாருக்கும் சலுகை கிடையாது.

"இபு, உங்க ஃபைலை முதல்ல போட்டுருங்க," என்றான் பகஸ். அவனுக்கு அந்தக் கோப்பு தெரியும். பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

"அதுக்கு நம்பரே இல்ல. சோதனைப் பதிவு. நம்பர் இல்லாதது கடைசியிலதான்."

"ரூல் போட்டவங்களே மீறலேன்னா அப்புறம் பதவி எதுக்கு?"

"உனக்குப் பதவி வரும்ல, அப்ப மீறிக்கோ."

"அதுக்குள்ள மௌனம் தீந்துபோச்சுன்னா? பதினேழாயிரம் பேர் முன்னால நிக்கிறாங்க, இபு."

"தீந்தா தீரட்டும். அவங்ககிட்டேர்ந்து புடுங்கினவ நான். நானே பந்தியில முதல்ல உக்காரக் கூடாது."

சோதனைப் பதிவுக்கு அட்டையும் கிடையாது, நீளம் எங்கும் எழுதப்படவில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பதினோரு வருடம் பிடித்தது. 2012இல் தும்மல் திரும்பி வந்தது. பாக் ஹார்ஜிதோ இனி இங்கே தூக்கம் வராது என்று நாற்காலியோடு ஓய்வுபெற்றுப் போனார். 2014இல் ஜகார்த்தாவிலிருந்து நாட்டின் எல்லாக் காப்பகங்களுக்குமான பெரிய பதவிக்கு ரெத்னோவைக் கூப்பிட்டார்கள். வரிசை முடியவில்லை என்று எழுதினார். அடுத்த வருடம் அதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். புதிய புரோகிராமர்கள் வந்தார்கள், அவரிடம் தொழில் படித்தார்கள், இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போனார்கள். மௌனம் நடைபாதையிலிருந்து சர்வர் அறைக்கும், அறையின் மேற்கு மூலைக்கும் ஒடுங்கியது. பகஸ் மாதாமாதம் அதன் எல்லையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டான். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ரெத்னோ அந்தக் கோட்டுக்குள் போய் நின்று தொண்டையைச் செருமுவார். சத்தம் கேட்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

2019 செப்டம்பரில் கடைசி எண் முடிந்தது. ஜன்னலருகே ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மௌனம் மிச்சம் இருந்தது. அது யாத்னோவுடையதா, வரிசையில் எங்கோ சிந்தியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கருவியைத் தூக்கிவந்து அதற்குள் வைத்தார்கள். ரெத்னோ பொத்தானை அழுத்தினார். கேள்விக்கு முள் ஆடியது. விழுந்தது. ஐந்து எண்ணினார், பத்து எண்ணினார். ஒரு நிமிடம் ஆனதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அலுவலகம் முடியும்வரை முள் எழவில்லை. அவர் சாக்குக்கட்டிக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார்.

"மெஷின் நின்னுடுச்சா, இபு?" என்றான் பகஸ்.

"ஓடுது. நேரம் ஏறுது பாரு."

"அப்ப ஆஃப் பண்ணிட்டு காலையில..."

"கை வச்சே, தொலைச்சிருவேன்."

முள் இன்றுவரை எழவில்லை. கருவிக்குத் தனி பேட்டரி வைத்திருக்கிறார்கள். காப்பகத்திலேயே நீளமான கோப்பு அதுதான்; சோலோவிலும் சுரபாயாவிலும் அதன் படிகள் கூடவே வளர்கின்றன. சரிபார்க்கும் கணினி தினமும் அந்த ஒரு கோப்பு நேற்று இருந்தபடி இல்லை என்று புகார் செய்கிறது. மாறியிருப்பது சரியே என்று ரெத்னோ தினமும் கையெழுத்துப் போடுகிறார். 2023 லெபாரான் பெருநாள் விடுமுறையில் யாத்னோ பேரனைப் பார்க்க செமாராங் வந்தவன், வழுக்கையும் சர்க்கரை நோயுமாகக் காப்பகத்துக்கும் வந்தான். ஜன்னலருகே இருந்த கருவியைக் குனிந்து பார்த்தான்.

"இதுல யாரு பேசுறா?"

"நீதான்."

"நானா? என்ன சொல்றேன்?"

"இன்னும் சொல்லல."

அவன் தலையாட்டினான். கொண்டுவந்த மீன் வறுவல் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போனான். ஒவ்வொரு ஜனவரியிலும் ரெத்னோ இன்னொரு ஹார்டு டிஸ்க் கேட்டுப் படிவம் நிரப்புகிறார். காரணம் என்ற கட்டத்தில், பதில் வரவேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார். இப்போதிருக்கும் இயக்குநர் மூன்றாவது ஆள். அவரும் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்திட்டு அனுப்புகிறார்.