ஷாஃப்டில் ஓடிய விரிசல்

கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அசரியாவின் மெக்கானிக் ஷெட் இருந்தது. அன்று காலை ஒரு பழைய ஸ்கூல் வேனின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஆக்சில் ஷாஃப்டை உருவி வெளியே போட்டிருந்தான். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. சந்தேகப்பட்டு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தான். மேலே சாக்பொடி தூவினான். வெள்ளைப் பொடியில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல ஊறி, ஷாஃப்டை முக்கால் சுற்று சுற்றி வந்தது. விரிசல்தான்.

வேன்காரன் பாலு பன்னிரண்டு மணிக்கு வந்தான்.

"தேஞ்ச எடத்துல வெல்டிங் வெச்சு மாட்டிருண்ணா. மூணரைக்குப் பசங்கள ஏத்தணும்."

"வெல்டிங் நிக்காது பாலு, சுத்தி விரிசல் உட்ருக்கு. இது ஒடைஞ்சா சக்கரம் தனியா கழண்டு ஓடும். தாம்பரத்துல புதுசு கீது. நாளைக்கு ஓட்டிக்கோ."

"இன்னிக்கு வரலன்னா ஸ்கூல்ல வேற வண்டி போட்ருவாங்க. இத்தோட மூணாவது லீவு."

"இருபது புள்ளைங்க ஏறுற வண்டி. நான் மாட்ட மாட்டேன்."

"நீ மாட்டாத. வேற எடத்துல பாத்துக்கறேன்."

பாலு குனிந்து ஷாஃப்டை எடுக்கப் போனான். அசரியா அதன்மேல் காலை வைத்து அழுத்தினான். பாலுவின் கைக்கு வீல் ஸ்பானர் அகப்பட்டது.

முதல் அடி அசரியாவின் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அடுத்தது தோளில். ஆயில் கொட்டிய தரையில் சறுக்கி விழுந்தவனின் வாயில் பாலு உதைத்தான். உடைந்த பல்லை ரத்தத்தோடு துப்பியபடி அசரியா வலது கையால் துழாவினான். சம்மட்டி கிடைத்தது. படுத்தபடியே வீசினான். முழங்காலில் பட்டுப் பாலு சுருண்டு விழுந்தான்.

ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, "வேணாண்ணா, விட்ருண்ணா" என்றான்.

அசரியாவுக்கு அது நன்றாகவே கேட்டது. இருந்தும் எழுந்து இன்னொரு முறை ஓங்கி, கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பைப் பார்த்தே அடித்தான். அந்த நேரம் பிள்ளைகள் யாரும் அவன் நினைவில் இல்லை. பாலுவின் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் செல்வமேரி ஓடி வந்து அவன் கையைக் கட்டிப் பிடித்தாள். "அவன் கெடக்கறான் அசரியா. உட்ரு."

அவளை உதறினான். பாலுவிடம் போகவில்லை. சம்மட்டியை ஷாஃப்டின்மேல் இறக்கினான். நான்காவது அடியில் அது இரண்டாகப் பிளந்தது. இரும்பு உடைந்த பரப்பெல்லாம் பழைய விரிசல் கருத்துப் போய்க் கிடந்தது. ஓர் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவு இடம் மட்டும் புது இரும்பாகப் பளபளத்தது. இத்தனை நாளும் வண்டி அந்த இடத்தை நம்பித்தான் ஓடியிருக்கிறது. தரையில் கிடந்தபடியே பாலுவும் அதைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸை அழைத்த கையோடு, வேனில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து வண்டி வராதென்று ஸ்கூலுக்கும் செல்வமேரி போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது பாலு, "ஜாக்கி நழுவிடுச்சு சார்" என்றான்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து அசரியா வீங்கிய வாயால் பேசினான். "இல்ல சார். மொதல்ல அவன் அடிச்சான். அவன் வேணாம்னு சொன்னப்புறமும் நான் அடிச்சேன். அப்டியே எழுதுங்க."

இருவர் மேலும் வழக்கு பதிவானது. வேன் இரண்டு மாதம் அந்த ஸ்டாண்டிலேயே நின்றது.