மறுபூஜைக்கு முன்

எங்கள் முதலாளி இருசப்பன் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அடிப்படையில் லேத் பட்டறைக்காரர். ஸ்பானரிலிருந்து வாசலில் நிற்கும் மொபெட் வரைக்கும் அவரிடம் இருக்கிற இரும்பு அத்தனைக்கும் ஆயுத பூஜையன்று பொட்டு உண்டு. பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை கட்டி, மெட்ராஸிலிருந்து செகண்ட் ஹாண்டில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, 'கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம்' என்று போளூர் ரோட்டைப் பார்த்து போர்டு மாட்டியிருந்தார். திருவண்ணாமலை அப்போதுதான் தனி மாவட்டம் ஆகியிருந்தது. இனிமேல் ஊரில் எல்லாமே கம்ப்யூட்டர்தான் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். பெயர் சந்திரகலா. வேலூரில் டிப்ளமோ முடித்தவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

சிரிப்பு வராததற்குக் காரணம், அந்தப் பெட்டிக்குள் என் பிழைப்பு இருந்தது. ரைஸ் மில்லுக்கு வருகிற நெல், அரைத்த அரிசி, மீதி இருப்பு எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க ஒரு புரோகிராம். படிக்க வருகிற பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து மாதக்கணக்கில் நானே எழுதியது. வேலூர் கம்பெனிக்காரர் ஒருவர் மறுநாள் விஜயதசமி காலையில் அதை ஓட்டிப் பார்க்க வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்தால் எனக்கு அங்கே வேலை. இல்லையென்றால் தை மாதம் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. பெண் படித்திருக்க வேண்டும், ஆனால் வேலைக்குப் போகக் கூடாது என்கிற ரகம். அப்பா கெடு வைத்துவிட்டார். விஜயதசமிக்குப் பிறகு ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் நான் போனபோது இருசப்பனின் மனைவி பொன்னியக்கா எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தார். வாழை இலையில் பொரி, கடலை, பூசணிக்காய். கம்ப்யூட்டருக்குக் கதம்ப மாலை. அதன் முன்னால் ஃப்ளாப்பிகளை விசிறி போலப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஈரச் சந்தனம் வைத்திருந்தார். என் புரோகிராமுக்கு நான் எடுத்து வைத்திருந்த ஒரே நகலும் அதில் இருந்தது. சந்தனம் அதன் திறந்த வாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தது, இனி அது வேலைக்கு ஆகாது.

"அக்கா, இத ஏன் உறையிலேர்ந்து எடுத்தீங்க?"

"உறையோட வச்சா சாமிக்கு எப்படித் தெரியும் உள்ள இன்னா கீதுன்னு?" என்றார் அவர், நல்ல மனதோடு.

போகட்டும், பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்கில் அசல் இருக்கிறது, நாளைக்கு வேறு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பூஜை போடலாமே என்று இருசப்பனிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"தூங்கறவன் நெத்தியில பொட்டு வைக்கிறதா? நல்லா முழிச்சிருக்கட்டும். உன் மில்லு புரோகிராமையே ஓட விடு. அதுக்கும் சாமி ஆசீர்வாதம் வேணுமில்ல?"

எனக்காகத்தான் சொன்னார். ஓட விட்டேன். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எங்கள் எல்லோருக்கும் பொரி கொடுத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை போடும் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அது ஊருக்கே தெரிந்த வழக்கம், நானும் எங்கள் வீட்டில் அரிவாள்மணையைக்கூட அன்றைக்குத் தொட்டதில்லை. பச்சை எழுத்துகள் மாலைக்கு நடுவே மின்னிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்க விளக்கு மாதிரி எரியட்டும் என்றார் இருசப்பன். அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

இருட்டுகிற நேரத்தில் கரண்ட் போனது.

தெருவே இருண்டாலும் எங்கள் அறையில் வெளிச்சம் இருந்தது. யூ.பி.எஸ். பெட்டியில் லாரி பேட்டரி இரண்டைக் கோத்து வைத்திருந்தார் இருசப்பன். "பாத்தியா, நம்ம ஆளு அசையல," என்று பெருமையாகச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வழக்கமாக அரை மணி நேரம் கழித்துத்தான் கத்தும். பின்னால் போய்ப் பார்த்தேன். சாமி படத்தைச் சுற்றியிருந்த சீரியல் பல்பு, பக்திப்பாட்டு டேப் ரிக்கார்டர், டேபிள் ஃபேன் எல்லாம் அதில்தான் சொருகியிருந்தது.

சீரியல் பல்பைப் பிடுங்கச் சொன்னேன். அதைப் பூஜையில் வைக்கவில்லை என்பதால் அவரே தாராளமாகப் பிடுங்கினார். ஃபேனையும் பாட்டையும் நிறுத்தினார். அதன் பிறகு கீச்சுச் சத்தம் மட்டும்தான் அறையில் கேட்டது, அதுவும் முன்னைவிட வேகமாக.

"அண்ணா, பேட்டரி போகப்போவுது. அதுக்குள்ள நான் ஒழுங்கா நிறுத்தணும்."

"தானா அணைஞ்சா அணையட்டுமே. அதுல நம்ம தப்பு இன்னா இருக்குது?"

கிராமபோன் தட்டில் முள் நிற்கிற மாதிரி, ஹார்ட் டிஸ்க்கின் மேலே ஒரு முள் மிதந்துகொண்டிருக்கும். அதை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் கரண்டை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அது தட்டின் மேலேயே விழுந்து கீறும் என்று விளக்கினேன். இந்த டிஸ்க் மழைக்காலத்தில் ஏற்கெனவே ஒரு தடவை அப்படி விழுந்து பிழைத்தது. இன்னொரு தடவை தாங்காது என்று ரிப்பேர் பார்க்க வந்த மெட்ராஸ்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "ரெண்டே வார்த்தைண்ணா. க்விட்னு அடிக்கணும், பார்க்னு அடிக்கணும். எட்டு எழுத்து. அதுக்கு சாமி கோச்சுக்குமா?"

அவர் முகம் மாறியது. "முருகையன் கைய நீ பாத்திருக்கே இல்ல?"

பார்த்திருக்கிறேன். அவருடைய தம்பி முருகையன் ஒரு ஆயுத பூஜை சாயங்காலம் அவசர வேலை என்று லேத்தை ஓட்டினார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. "அவனும் இதத்தான் சொன்னான். ஒரே நிமிஷம்ணா, ஒரு போல்ட்டுதான்னான். நான்தான் சரின்னேன். உங்கப்பா என்னை நம்பி உன்னை அனுப்பறாரும்மா."

அவர் முரடராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கண்ணில் தண்ணீரோடு நிற்கிறவரிடம் லேத்துக்கும் கீபோர்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு அழுகை முட்டியது. நாளைக்கு வேலூர்க்காரர் வருவதைச் சொன்னேன், உரக்கடைக்காரரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்.

"கோயில்ல போய் குருக்களக் கேட்டுட்டு வந்துர்றேன். அவர் சரின்னா இப்பவே ஒரு கற்பூரம் ஏத்தி மறுபூஜை போட்டுரலாம். அதுவரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். வேறு வழி?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே மொபெட் நின்றது, ஹாண்டிலில் மாலையும் விளக்கில் பொட்டுமாக. ஒரு கணம் அதைப் பார்த்தார். பக்கத்தில் சைக்கிளுக்கும் அதே கதி. செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கோயிலைப் பார்த்து இருட்டில் ஓட ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயது மனிதர், தொந்தி வேறு. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் பாசமும் ஒன்றாக வந்தது.

அறையில் நானும் பொன்னியக்காவும் அந்தக் கீச்சுச் சத்தமும். அக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் பாக்கல," என்றார் சுவரிடம்.

எனக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு எழுத்து, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நான் ராகு காலத்தில் பஸ் ஏறுகிறவள். பூனை குறுக்கே போனால் நின்று அதைக் கொஞ்சுகிறவள். வீட்டில் நாத்திகம் பேசுகிறேன் என்று அம்மாவிடம் தினம் திட்டு வாங்குகிறவள். கையை நீட்டினேன். 'க்யூ' எழுத்தின்மேல் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. விரல் அதற்கு மேலே வந்து நின்றது, இறங்கவில்லை. அழுத்து, அழுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முருகையனின் கை கண்ணெதிரே வந்தது. சீ, என்ன முட்டாள்தனம் என்று வாய்விட்டே சொன்னேன். விரல் அப்போதும் இறங்கவில்லை. என் கைதான், என் தோளிலிருந்து வருகிற கைதான், நான் சொன்னதைக் கேட்கவில்லை.

கீச்சுச் சத்தம் இடைவெளி இல்லாமல் ஒரே நீளமாக இழுத்தது. பச்சை எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கின. கம்ப்யூட்டருக்குள் ஏதோ பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. இருட்டில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. பொன்னியக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருசப்பன் வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கால் கட்டைவிரலில் ரத்தம். மூச்சு வாங்கக் கையை ஆட்டினார்.

"தொடலாம்னுட்டாரு... ஆபத்துக்குப் பாவமில்லைனுட்டாரு..." கற்பூரத்தைப் பற்ற வைத்துத் தட்டை மூன்று முறை சுற்றினார். "இப்ப அடி. தைரியமா அடி, நான் பக்கத்துல கீறேன்."

கம்ப்யூட்டரை நிறுத்தினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நான் நிறுத்துவதற்கு முன்பே அது கறுப்பாக இருந்தது அந்த அவசரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. அவர் காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தேன். கையை நீட்டினேன். இப்போது விரல் சுலபமாக இறங்கியது. க்விட் என்று அடித்தேன். பார்க் என்று அடித்தேன். கறுப்புத் திரையில் என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது.

"ஆச்சாம்மா?"

"ஆச்சுண்ணா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐந்து விரலுக்கும் திருநீறு பூசினார்.